அரக்கா, பசையா, தாள் பட்டையா: கைக்கடிதத்தைப் பூட்டும் முறைகள் ஓர் ஒப்பீடு

மும்பையின் மாட்டுங்காவில் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடிக் கையால் கடிதம் எழுதிப் பழகுகிறோம். அங்கே எழுத்தைப் பற்றி எழும் விவாதத்தைவிட, எழுதி முடித்த தாளை எதைக் கொண்டு மூடுவது என்பது பற்றி எழும் விவாதமே நீண்டுகொண்டு போகிறது. அரக்கு முத்திரைக்கு ஈடில்லை என்று ஒரு சாரார் சொல்கின்றனர். உறையும் பசையும் போதும், மற்றதெல்லாம் வீண் வேலை என்பது இன்னொரு சாராரின் கருத்து. உறையே இல்லாமல், எழுதிய தாளையே வெட்டி, மடித்து, அதன் ஓரத்துப் பட்டையாலேயே பூட்டும் பழைய முறையை நான் விரும்புகிறேன். அஞ்சலகத்தில் விற்கும் இன்லேண்டு லெட்டரை இந்தப் போட்டியில் யாரும் சேர்ப்பதில்லை. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாளால் ஆன எதையும் பிறர் திறக்கவே முடியாதபடி மூட இயலாது. ஆகவே, வழியில் யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் அது பெறுபவருக்குத் தெரியுமா என்பதே என் முதல் கேள்வி. உரியவர் திறக்கும்போது எழுத்துகள் கிழியாமல் தப்புகின்றனவா என்பது இரண்டாவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரத்தைச் சூழ்ந்து நிற்கும் ஈரக்காற்றில் பூட்டு தாக்குப்பிடிக்கிறதா என்பது மூன்றாவது. பார்வைக்கு அழகாக இருப்பது நல்லதே. ஆனால் இம்மூன்றும் நிறைவேறிய பிறகே அதைக் கணக்கில் கொள்கிறேன்.

முதல் கேள்வி நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கோசிகன் வழியே மாதவி அனுப்பும் ஓலை கோவலன் கைக்கு வரும்போது, அதன் மண் முத்திரையில் அவளது கூந்தல் பதிந்திருக்கிறது. அந்தப் பொறியிலிருந்து எழும் நெய் மணம், அனுப்பியவள் யார் என்பதை அவன் ஓலையைப் பிரிப்பதற்கு முன்பே உணர்த்திவிடுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, இலண்டனில் தஞ்சம் புகுந்திருந்த இத்தாலியப் புரட்சியாளர் மாட்சினி, தம் கடிதங்களை அஞ்சலகம் பிரித்துப் படிக்கிறது என்று ஐயுற்றார். கடிதங்களுக்குள் கசகசாவையும் மணலையும் தலைமுடியையும் வைத்து அனுப்பச் செய்து, அவை வந்து சேராததைக் கொண்டு அந்த ஐயத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். 1844இல் அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. முத்திரையோ உறையோ தனித்து நின்று செய்ய முடியாத வேலையை இரண்டு இடத்திலும் ஒரு முடி இழை செய்திருக்கிறது.

அரக்கிலிருந்து தொடங்குவோம். ஐரோப்பியக் கடிதங்களின் பெருமிதமான அடையாளமாகக் கருதப்படும் சிவப்பு முத்திரையின் உயிர்ப்பொருள் நம் நாட்டிலிருந்து போனது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினே அது. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் இன்றும் அதற்குப் பெயர்பெற்றவை. தேன்மெழுகில் செய்த பழைய முத்திரை மென்மையானது. அரக்கு கலந்தது இறுகிக் கடினப்பட்டு, முத்திரையின் நுண்கோடுகளையும் தெளிவாக ஏற்றுக்கொள்ளும். ஈரத்தை அது பொருட்படுத்துவதில்லை என்பதால் மும்பை மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. இங்கே பெரிய அஞ்சலகத்துக்கு எதிரே அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள், பார்சல்களைத் துணியால் சுற்றித் தைத்து, தையலின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையிட்டும் கொடுத்தார்கள். அந்தப் பார்சல்களில் அரக்கு தன் வேலையைச் சரியாகச் செய்ததற்குக் காரணம் உண்டு. சயானில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தபோது, ஒரு பையன் காட்டிய முத்திரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அரக்கு எவ்வளவு பெரிசுன்னு பாக்காதீங்க தம்பி, நூல் அரக்குக்குள்ள போகுதான்னு பாருங்க” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் அரக்கின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. நூலோ நாடாவோ துணித் தையலோ அரக்கினுள் புதைந்திருந்தால், நூலை அறுக்காமல் பிரிக்க முடியாது. தாளின் மேல் வெறுமனே ஊற்றப்பட்ட அரக்கையோ, சூடேற்றிய மெல்லிய கத்தியை அடியில் செலுத்திப் பெயர்த்தெடுத்து, படித்த பின் மீண்டும் சூடாக்கி ஒட்டிவிடலாம். முத்திரை உடைந்துபோனாலும், அதன் பதிவை முன்கூட்டியே அச்செடுத்து வைத்திருப்பவர் புதிதாக ஒன்றை இட்டுவிடுவார். கடிதங்களைக் களவாகப் படிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த பழைய அரசாங்க அலுவலகங்கள் இவை அனைத்தையும் செய்தன. இக்காலத்து அஞ்சல் பயணத்தில் வேறொரு இடரும் சேர்ந்துகொள்கிறது: நல்ல அரக்கு நொறுங்கக்கூடியது, மூட்டைகளில் அழுந்தி வரும்போது துண்டுதுண்டாக உதிர்கிறது. இதற்காகவே வளைந்து கொடுக்கும் மெழுகுக் குச்சிகளை இணையக் கடைகள் விற்கின்றன. அவை உடைவதில்லை, ஆனால் வழவழப்பான தாளிலிருந்து நகத்தால் நெம்பினாலே முழு வட்டமாகப் பெயர்ந்து வந்துவிடுகின்றன. என் அளவுகோலின்படி, உடையாத முத்திரை உடைகின்ற முத்திரையைவிட மோசமானது. திறப்பவருக்கும் அரக்கால் தொல்லை உண்டு: முத்திரையைப் பிய்க்கும்போது தாளின் மேற்பரப்பும் சேர்ந்து வந்து, பின்பக்கத்தில் எழுதிய சொற்கள் போய்விடும். பழைய கடிதங்கள் பலவற்றில் முத்திரை இருந்த இடத்தில் ஓட்டை இருப்பது இதனால்தான்.

பசைக்கு நான் தரும் இடம் இன்னும் கீழானது. பசையிட்ட உறை அவ்வளவு பழமையானதும் அன்று. கட்டணம் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்திருந்த காலத்தில் பிரிட்டனில் உறை என்பது கூடுதல் செலவு, ஏனெனில் அதுவும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டது. 1840இல் எடைக்கேற்ற ஒரே கட்டணம் வந்த பிறகு உறை பரவியது. இந்தியாவிலும் 1854இல் எடையை வைத்து நாடெங்கும் ஒரே கட்டணம் வந்தது. உறை பரவுவதற்கு முன் கடிதமே தனக்கு உறையாக இருந்தது. அதை ஒட்டுவதற்கு, நாணய அளவில் மெல்லியதாகச் சுட்ட மாவு வில்லையை நனைத்து மடிப்புக்குள் வைத்து அழுத்துவார்கள். மாவு வில்லையோ, கோந்தோ, மைதாப் பசையோ, எதுவானாலும் கொதிக்கும் நீரின் ஆவியைக் காட்டினால் நெகிழ்ந்து, பெரிய தடயம் இல்லாமல் திறந்துகொள்ளும். மும்பையில் ஆவிகூடத் தேவையில்லை; ஜூலை மாதத்தில் அலமாரியில் வைத்த கோந்திட்ட உறைகள் தாமே ஒட்டிக்கொள்வதையும், ஒட்டிய உறைகளின் ஓரம் தாமே தூக்கிக்கொள்வதையும் இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது என்பது நம் புத்தகக் கட்டுநர்களின் பழைய வழக்கம். கடிதத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அது நச்சுப்பொருள், கடிதத்தைக் குழந்தைகளும் கையாள்வார்கள். பசைக்கு ஒரே ஒரு பெருமை உண்டு: வேறொரு பூட்டின் நுனியை இருத்திப் பிடிக்கும் துணையாக அது மிக நன்றாக உழைக்கிறது.

அந்த வேறொரு பூட்டுத்தான் தாள் பட்டை. இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். நன்றாகச் செய்யப் பல மாதங்கள் ஆகலாம். எழுதும்போதே இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெற்றிடமாக விட்டுவிட வேண்டும். எழுதி முடித்ததும் அந்த ஓரத்தை, ஒரு முனை மட்டும் தாளோடு சேர்ந்திருக்கும்படி நீளப் பட்டையாக வெட்டி, மறுமுனையைக் கூராக்கிக்கொள்ள வேண்டும். பிறகு தாளைச் சிறு பொதியாகும் வரை மடித்து, எல்லா அடுக்குகளையும் துளைக்கும்படி கத்திமுனையால் ஒரு கீறல் இட்டு, பட்டையை அதன் வழியே இழுத்து, விளிம்பைச் சுற்றிவந்து மறுபடியும் அதே கீறலில் செலுத்த வேண்டும். இறுக்கிய பின் சிறிது நனைத்து அழுத்தினால் தாள் உப்பித் தன்னைத் தானே கவ்விக்கொள்ளும். நுனியை ஒரு துளிப் பசையால் ஒட்டினால் பூட்டு முடிந்தது. ஒரே கீறலில் இரண்டு சுற்று என்பது எளிய வடிவம். பட்டையைப் பலமுறை கோத்துச் சுருள்போல் இறுக்குவதே அரச குடும்பங்கள் பயன்படுத்திய சுருள் பூட்டு. ஸ்காட்லாந்து அரசி மேரி, 1587 பிப்ரவரி 8ஆம் நாள், தலை வெட்டப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன், பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை அவ்வாறுதான் பூட்டினார். 30க்கும் மேற்பட்ட படிகள் கொண்ட அந்த வேலையை ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அத்தகைய நேரத்தில் ஒருவர் பூட்டுக்கு அவ்வளவு பொறுமையைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இந்தக் கலையைத் தனித்துறையாக ஆராய்ந்து வளர்த்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக நூலகங்களில் பணியாற்றும் ஆவணப் பாதுகாப்பாளர் ஜானா டாம்ப்ரோஜியோ. அவரும் பிறரும் ஆராய்ந்த பெட்டி ஒன்று நெதர்லாந்தின் ஹேக் நகரைச் சேர்ந்தது. பிரியென் என்ற அஞ்சல் அதிகாரித் தம்பதியர் சேர்த்துவைத்த, உரியவர்களிடம் சேராத கடிதங்களும் அவற்றின் துண்டுகளுமாக 3,148 உருப்படிகள் அதில் உள்ளன. அவற்றுள் 577 ஒருபோதும் திறக்கப்படாதவை. பல் ஆராய்ச்சிக்காக வடிவமைத்த எக்ஸ்-கதிர்க் கருவியால் அவற்றுள் சிலவற்றை உள்ளே ஊடுருவிப் படமெடுத்து, கணினியில் மடிப்பு மடிப்பாகப் பிரித்து, 1697 ஜூலை 31 நாளிட்ட ஒரு கடிதத்தைப் பூட்டை உடைக்காமலே படித்துவிட்டதாக 2021இல் அறிவித்தார்கள். இனி எந்தப் பூட்டும் பயனற்றது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதைக் காட்டி வாதிட்டார். நான் அதை ஏற்கவில்லை. அந்தப் பூட்டு உடைபடாமல் இருந்ததால்தான் அக்கடிதத்தை முன்பு யாரும் படிக்கவில்லை என்பதே உறுதியாயிற்று.

பட்டைப் பூட்டு மற்ற இரண்டையும் வெல்வது இங்கேதான். பட்டையை அறுக்காமல் பிரிக்க முடியாது. அறுத்த பின் அதே தாளிலிருந்து இன்னொரு பட்டை எடுக்கவும் முடியாது. வேறு தாளில் பட்டை செய்து கோத்தால், வெட்டிய விளிம்பும் தாளின் இழையும் நிறமும் பொருந்தாது. உரியவரோ கத்தரிக்கோலால் ஓரிடத்தில் நறுக்கினால் போதும், எழுத்து முழுவதும் தப்பிவிடும். கீறல் விழும் இடங்களில் எழுதாமல் விடுவதற்கு மட்டும் முன்யோசனை வேண்டும். குறையும் இல்லாமலில்லை. நகலெடுக்கப் பயன்படும் சாதாரணத் தாளில் செய்த பட்டை, நனைத்து இழுக்கும்போது அறுந்துபோகிறது. பருத்திக் கந்தலிலிருந்து செய்த கைத்தாள் தாங்கும். புதுச்சேரியில் செய்யப்படுவது நன்றாக உழைக்கிறது. மழைக்காலத்தில் பட்டை தளர்ந்து கொடுக்கலாம், ஆனால் அறாமல் கழலாது.

இன்லேண்டு லெட்டரை அலட்சியமாக ஒதுக்குபவர்கள், அதுவும் தன்னையே உறையாக்கிக்கொள்ளும் கடிதம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1950இல் அறிமுகமான அந்த இளநீலத் தாளை நம் பெற்றோர் மடித்து மூடியபோது, ஐரோப்பாவில் உறை வருவதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் நடந்ததையே செய்தார்கள். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குப் போன எத்தனையோ குடும்பச் செய்திகளை அதுதான் சுமந்தது. உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்ற விதி ஒருவகையில் காவல். பணம் இருக்குமோ என்று துழாவும் கைக்கு அதில் வேலையில்லை. எனினும் அதன் பூட்டு வெறும் கோந்துதான், ஆகவே ஆவிக்கும் ஈரத்துக்கும் அது அடிபணியும். ஓரத்து மடிப்பு வரை நெருக்கி எழுதுபவர்களின் கடைசி வரிகள் பிரிக்கும்போது கிழிவதும் வழக்கம். ஆனால் வாரம்தோறும் ஊருக்கு எழுதுபவருக்கு இதைவிட ஏற்றது இல்லை; பொதுவான நலச் செய்திக்கு யாரும் சுருள் பூட்டுப் போட வேண்டியதில்லை.

ஒருவருக்கு மட்டுமே உரிய செய்தி என்றால் பட்டைப் பூட்டையே தேர்ந்தெடுங்கள். அழகும் வேண்டுமென்றால், பட்டையின் நுனி அரக்கினுள் புதையும்படி சிறிதாக ஒரு முத்திரை இடலாம். ஓய்வுபெற்ற பெரியவர் சொன்ன நூலின் இடத்தைத் தாள் பட்டை எடுத்துக்கொள்ளும், பிரிக்கும்போது அரக்கு மட்டும் உடையும். அஞ்சலில் அனுப்பும்போது அந்தப் பொதியைச் சற்றுத் தடித்த சாதாரண உறைக்குள் வைப்பதே நல்லது. உறைக்குள் பூட்டு எதற்கு என்று கேட்பார்கள்: உறை அடிபடாமல் காக்கும், யாராவது பிரித்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது உள்ளிருக்கும் பூட்டுத்தான்.

அஞ்சலைவிட ஆள்வழியே அனுப்பும் கடிதத்துக்கே பூட்டு அதிகம் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம், “அண்ணாச்சி, இதை எங்க அம்மாகிட்ட குடுத்திருங்க” என்று கொடுத்தனுப்பும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அப்படிக் கொடுக்கும்போது மேலே உறை வேண்டாம். பட்டையை இறுக்கி ஒட்டிய பின், அதன் மேலும் பொதியின் மேலும் சரிபாதியாக விழும்படி உங்கள் பெயரைக் குறுக்கே எழுதிவிடுங்கள். பட்டை ஓர் இழை நகர்ந்தாலும் எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அம்மாவிடம் முன்கூட்டியே தொலைபேசியில், கத்தரிப்பதற்கு முன் பெயர் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிடுங்கள்.