டிவிடி மெதுவாகப் பதிகிறதா? டிரைவை மாற்ற உடனே சம்மதித்துவிடாதீர்கள்

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் டிவிடி பதிய வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது என்று சர்வீஸ் கடைக்குப் போகவிருப்பவர்கள், அதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நல்ல நிலையில் இருந்த என் டிவிடி ரைட்டரைப் பழுது என்று கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை என் தலையில் கட்டினார்கள். அதுவும் சுணங்கத் தொடங்கியதும், மதர்போர்டே போய்விட்டது, வேறு கணினி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கெட்டிருந்தது ஒரு கேபிள் மட்டுமே.

16எக்ஸ் வேகத்தில் 4.7 ஜிபி டிஸ்க் ஒன்று ஆறேழு நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். என் கணினியிலோ அரை மணி நேரத்தைத் தாண்டியது. பதியும்போது, டிஸ்க் பதியும் மென்பொருளான நீரோவின் திரையில் பஃபர் பட்டை (டிரைவுக்குப் போகக் காத்திருக்கும் தரவின் அளவைக் காட்டுவது) நிரம்புவதும் வற்றுவதுமாக இருக்க, மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தது. டிரைவின் லேசர் தேய்ந்திருந்தால் மவுஸ் ஏன் திணற வேண்டும்? இதைக் கடையில் தெளிவாகச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதிய டிரைவில் முதல் சில டிஸ்குகள் வேகமாகவே பதிந்தன, பிறகு பழையபடி ஆனது. மறுபடியும் கொண்டுபோனபோது, கடைக்காரர் டிவைஸ் மேனேஜரில், டிரைவ் மதர்போர்டுடன் இணையும் வழியான செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்று இருப்பதைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆகவே கோளாறு மதர்போர்டில்தான் என்று முடித்துவிட்டார். அதற்கு நேர் கீழே, மங்கலான கட்டத்தில், ‘கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்’ என்பதற்கு எதிரே ‘பிஐஓ மோட்’ என்று இருந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மேலே இருப்பது நாம் கேட்பது. கீழே இருப்பதுதான் கணினி செய்துகொண்டிருப்பது.

டிஎம்ஏ முறையில் தரவு, ப்ராசஸரை அதிகம் தொந்தரவு செய்யாமல், நினைவகத்திலிருந்து டிரைவுக்குச் செல்கிறது. பிஐஓ முறையில் ஒவ்வொரு துணுக்கையும் ப்ராசஸரே சுமந்து கொடுக்க வேண்டியிருப்பதால்தான் மவுஸ்கூடத் திணறுகிறது. தரவு பரிமாற்றத்தில் சிஆர்சி பிழையோ (தரவு சிதைந்து வந்து சேர்வது) டைம்அவுட்டோ (பதில் உரிய நேரத்தில் வராதது) மொத்தம் ஆறு முறை நேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தைக் குறைக்கும். பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறங்கிக் கடைசியில் பிஐஓவில் நின்றுவிடும், காரணம் நீங்கிய பிறகும் தானாக மேலே ஏறாது. புதிய டிரைவ் முதலில் நன்றாக ஓடிப் பிறகு சுணங்கியது இதனால்தான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் தட்டையான சாம்பல் நிறக் கேபிள் டிரைவ் கூண்டின் விளிம்பில் மடிந்து, ஓரத்துக் கம்பியின் உறை நசுங்கிச் செம்பு தெரிந்தது. புதிய டிரைவைப் பொருத்தியவர் அதே கேபிளைத்தான் கையில் பிடித்துச் செருகியிருக்கிறார்! கேபிளை மாற்றி, செகண்டரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்ததும், எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டறிந்து ‘அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2’ என்று காட்டியது. கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய டிரைவையே மீண்டும் பொருத்திப் பதிந்தபோது, பஃபர் பட்டை நிரம்பியபடியே நிற்க, டிஸ்க் பழைய வேகத்தில் முடிந்தது.

‘கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்’ வரியில் டிஎம்ஏ என்றே இருந்தும் வேகம் வரவில்லை என்றால், டிஸ்கின் மேல் அதன் வேக வரம்பாக 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து இணைக்கும் டிரைவாக இருந்தால் யுஎஸ்பி போர்ட்டையும் கவனிக்க வேண்டும், யுஎஸ்பி 1.1 வழியாக 1எக்ஸ் டிவிடி வேகத்தைக்கூட எட்ட முடியாது.

புதிய டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கவர் பிரித்த பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். சர்வீஸ் கட்டணம் எதற்கு என்று கேட்டதற்கு, பழைய டிரைவைச் சோதித்துப் பார்த்த கூலி என்றார்கள். என்ன சோதனை செய்தீர்கள் என்று பில்லில் எழுதித் தரும்படி கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.