இலவசமாக வந்த முயல்: வீவக வீட்டில் எட்டு ஆண்டுகள்

காலையில் எழுந்ததும் முயலின் கழிவுத் தட்டைத்தான் முதலில் பார்ப்பேன். இரவில் எத்தனை புழுக்கை போட்டிருக்கிறாள், எல்லாம் உருண்டையாக ஒரே அளவில் இருக்கின்றனவா, சிறுத்துப்போய் மிளகு மாதிரி இருக்கின்றனவா என்று கண் தானாகத் தேடும். அதன் பிறகுதான் பல் துலக்கல், காப்பி எல்லாம். முயல் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் விசாரிப்பவர்கள் மாதம் எவ்வளவு செலவாகும் என்றுதான் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்தத் தட்டைப் பார்க்கும் வேலையை ஒரு நாள்கூட விடமுடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்கு முயல் இலவசமாகத்தான் வந்தது. 2017 ஆகஸ்டில் அலுவலகத் தோழி ஒருவர் குடும்பத்தோடு மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்தார். சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முயலைக் கொண்டுபோக அனுமதி இல்லை. ஐந்து மாதக் குட்டி. கூண்டு, தண்ணீர்க் கிண்ணம், அரை மூட்டைப் புல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளையார் சதுர்த்தி அன்று வந்து சேர்ந்தாள். வெள்ளையாக, மேலே கூம்பி, கீழே தடித்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அப்போது ஒன்பது வயதான என் மகள் வைத்த பெயர் கொழுக்கட்டை. அன்றிலிருந்து வீட்டில் ‘கொழு’.

அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் மாடு வளர்த்த குடும்பம். பால் கொடுக்காத, காவலும் காக்காத ஒரு பிராணிக்கு வீட்டுக்குள் இடம் எதற்கு என்று கேட்டார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முயல் வளர்க்கத் தடை இல்லை. முள்ளெலி, சுகர் கிளைடர் போன்றவற்றைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். பூனைக்கே 2024 செப்டம்பர் 1 முதல்தான் வீவக வீட்டில் அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது.

சாப்பாட்டுக் கதைக்கு வருகிறேன். முயல் என்றால் கேரட் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அத்தையும் கையில் ஒரு கேரட்டோடு வருவார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கேரட்டில் சர்க்கரை அதிகம், விரல் நுனி அளவு எப்போதாவது கொடுத்தால் போதும். முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலர்புல்லாக இருக்க வேண்டும். அதன் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடலும் நார்ச்சத்து இறங்கிக்கொண்டே இருந்தால்தான் நகரும். குட்டியாக இருக்கும்போது அல்ஃபால்ஃபா வகை, ஆறு மாதத்துக்கு மேல் டிமோத்தி வகை. அம்மா இன்றுவரை அதை வைக்கோல் என்றுதான் சொல்கிறார். நான்கு கிலோ பெட்டி 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று முதல் முறை கேட்டபோது, “ஊர்ல ஒரு வண்டி வைக்கோலே வாங்கிடலாமேடி” என்றார்.

அந்தப் பெட்டி ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். பெல்லட் தீவனத்துக்கு மாதம் 10 வெள்ளி, தட்டில் போடும் காகிதத் துகளுக்கு 15 வெள்ளி. கீரைக்கு 25 வெள்ளி ஆகிறது. சனிக்கிழமை டெக்கா சந்தையில் எங்களுக்கு வாங்கும்போதே அவளுக்கும் கொத்தமல்லி, புதினா இரண்டு கட்டு கூடுதலாக வாங்கிவிடுவேன். எல்லாம் சேர்த்தால் மாதம் 80, 85 வெள்ளி. பொருள் சேவை வரி 2023இல் எட்டு விழுக்காடானது, 2024இல் ஒன்பது ஆனது. புல்லுக்கும் அது உண்டு.

புல்லில் இன்னொரு தொல்லை நம் ஊர் ஈரப்பதம். காற்றுப் புகாமல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த புல் முயலை நோயில் தள்ளிவிடும். முதல் ஆண்டில் பாதிப் பெட்டியை அப்படியே குப்பையில் போட்டேன். இப்போது துணிப்பையில் போட்டு, படுக்கையறையில் உயரத்தில் வைத்திருக்கிறோம். அதன் தூசியில் கணவருக்கு ஓயாத தும்மல். ஆர்ச்சர்ட் என்ற இன்னொரு வகைப் புல்லுக்கு மாற்றிய பிறகு அவருக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு அறிவுரைகளைப் படித்துவிட்டு இறங்குபவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். முயலுக்கு நம்மைப் போல வேர்க்காது. உடல் சூட்டை முக்கியமாகக் காதுகளின் வழியாகத்தான் இறக்கும். 28 பாகை செல்சியஸைத் தாண்டினாலே சிரமப்படும். நம் பகல் பொழுது ஆண்டு முழுக்க 31, 32 பாகை. எங்கள் வீடு ஜூரோங் வெஸ்டில் 11வது மாடி, மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வரவேற்பறைச் சுவரில் கை வைத்தால் சுடும். முதல் மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கொழு தரையோடு தரையாக நீட்டிப் படுத்து, மூக்கு வேகவேகமாகத் துடிக்கக் கிடந்தாள். காதைத் தொட்டால் கொதித்தது. ஈரத்துணியால் காதைத் துடைத்துத் துடைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தாள்.

அன்றே அவளைப் படுக்கையறைக்கு மாற்றினோம். பிற்பகல் ஒன்று முதல் ஆறு வரை ஏர்கான், 26 பாகையில். மின்கட்டணம் மாதம் 40 வெள்ளி கூடியது, இன்றுவரை அப்படித்தான். ஏர்கான் பழுதாகும் நாளுக்கென்று இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்திருப்பேன். துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்வாள். வெறும் டைல்ஸ் தரை குளிர்ச்சிதான், ஆனால் வழுக்கும். நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, ரோமம் மட்டும்தான். கெட்டித் தரையிலேயே இருந்தால் குதிகாலில் புண் வரும். பாதித் தரைக்குக் கம்பளம், பாதி வெறுமை என்று விட்டிருக்கிறோம். எங்கே வேண்டுமோ அங்கே போய்ப் படுப்பாள்.

2018 பிப்ரவரியில் கருத்தடை அறுவைச் சிகிச்சை, 620 வெள்ளி. வீட்டில் ஒரே ஒரு முயல்தானே, எதற்கு என்று எனக்கும் தோன்றியது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். அறுவைக்கு முதல்நாள் பட்டினி போட வேண்டுமா என்று கேட்டேன். கூடாது, புல்லையும் கையோடு கொண்டுவாருங்கள் என்றார். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு காலியானால்தான் ஆபத்து. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அடுத்த ஆண்டு புரிந்தது.

2019 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் தட்டில் புழுக்கை குறைவாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், விருந்தாளிகள் வரும் அவசரத்தில் விட்டுவிட்டேன். மதியம் கொத்தமல்லியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரவு எட்டு மணிக்கு மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தாள். தட்டு காலி. காது ஜில்லென்றிருந்தது. குடல் நின்றுபோயிருந்தது. முயலுக்கு இது வந்தால் ஒரு நாள் தாமதமே உயிரைப் பறித்துவிடும்.

இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைகள் இங்கே உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவர் இருப்பதில்லை. மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓரிடத்தில் காலையில் கொண்டுவரச் சொன்னார்கள். காலைவரை இருப்பாளா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நான்காவது இடத்தில் வரச் சொன்னார்கள். டாக்சியில் மகள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். எக்ஸ்ரே, வலிநிவாரணி, தோலுக்கடியில் நீர், ஓர் இரவுத் தங்கல்: 980 வெள்ளி. பிழைத்துவிட்டாள். அடுத்த ஐந்து நாள் கரைத்த மாவுணவைச் சிரிஞ்சில் எடுத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவு இரண்டு மணிக்கும் எழுந்து ஊட்டினோம். இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். நான்காம் நாள் விடியற்காலையில் ஒரே ஒரு புழுக்கை, கடுகைவிடச் சற்றுப் பெரியது, தட்டில் கிடந்தது. அதைப் பார்த்து நான் அழுததை அம்மா பார்த்தார். அதற்குப் பிறகு அவர் முயலைப் பற்றி ஒரு சொல் குறையாகப் பேசியதில்லை.

வேட்டையாடப்படும் பிராணி என்பதால் முயல் நோயை மறைக்கும். நாய் முனகும். இது சத்தம் போடாமல் ஒடுங்கிப்போகும். அன்று காலையிலேயே தட்டு என்னிடம் சொன்னது, நான் கேட்கவில்லை. இப்போது ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே மருத்துவரைக் கூப்பிடுகிறேன். முயல் பார்க்கும் மருத்துவரின் எண், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. முயல் வாங்கும் முன்பே நீங்கள் செய்ய வேண்டிய வேலை அது.

2020 செப்டம்பரில் முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு நோய்க் கிருமி சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் காலணியிலும் துணியிலும் ஒட்டி வரலாம், ஈக்களும் பரப்பலாம். செருப்பை வாசலில் விடும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பது அன்று ஆறுதலாக இருந்தது. சன்னலுக்கு வலை அடித்தோம். தடுப்பூசி வந்ததும் போட்டோம். ஆண்டுக்கு ஒரு முறை, 95 வெள்ளி.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டவை நிறைய. சாமி அறைக் கதம்பத்தில் அரளி இருந்தால் வாங்குவதில்லை, அரளி விஷம். எல்லா ஒயர்களுக்கும் குழாய் உறை. தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் தூக்க ஆசைப்படுவார்கள். தவறாகத் தூக்கி அது உதைத்தால் முதுகெலும்பே முறிந்துவிடும். தரையில் உட்கார்ந்து கையை நீட்டச் சொல்வேன். பொறுமையாக உட்காரும் பிள்ளையிடம் அவளே வந்து மோந்து பார்ப்பாள். பொழுது சாயும் நேரத்தில் காற்றில் எகிறி உடலை முறுக்கித் துள்ளுவாள் பாருங்கள், அந்த அரை நொடிக்காக எங்கள் குடும்பமே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறது.

சீன நாள்காட்டியில் 2023 முயல் ஆண்டு. சீனப் புத்தாண்டுக்கு முன் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் குட்டிகளைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து வயிறு கலங்கியது. ஜூன் மாதம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், அட்டைப்பெட்டி ஒன்றில் பழுப்பு நிறக் குட்டி. பக்கத்தில் பாதி கடித்த கேரட். மீட்பு வேலை செய்யும் தன்னார்வலர்கள் வந்து எடுத்துப்போனார்கள். பிராணியைக் கைவிட்டால் 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. கடையில் வாங்கும் முன் ஹவுஸ் ரேபிட் சொசைட்டி சிங்கப்பூர் போன்ற அமைப்புகளிடம் இருக்கும் முயல்களைப் போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வளர்ந்த முயலின் குணம் முன்கூட்டியே தெரியும் என்பது நமக்கும் வசதி.

எட்டு ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். சாப்பாடு, காகிதம், மின்சாரம் 12,000 வெள்ளி. மருத்துவம், இடையில் இரண்டு முறை பல் சீவியது உட்பட, 4,700. ஊருக்குப் போனபோது பராமரிப்பு இல்லத்தில் விட்ட வகையில் 1,400. மொத்தம் 18,000 வெள்ளியைத் தாண்டுகிறது. கூண்டும் விளையாட்டுச் சாமானும் இதில் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு மிகவும் பிடித்தது வெறும் அட்டைப்பெட்டி.

இப்போது அவளுக்கு எட்டு வயது தாண்டிவிட்டது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பன்னிரண்டு வயதுவரைகூட இருப்பார்கள். இடது கண்ணில் திரை விழுந்திருக்கிறது. பின்னங்கால் மூட்டுகளில் வீக்கம். தினமும் மாலை ஐந்து மணிக்கு மருந்து, அதற்கு மட்டும் மாதம் 45 வெள்ளி. தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாததால் கணவர் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்திக் கொடுத்தார். ஒன்பது வயதில் “நான் பாத்துக்கறேன்” என்று சத்தியம் செய்த மகளுக்கு இப்போது பதினேழு. பாலிடெக்னிக்கில் இருந்து வர இரவு ஏழாகிவிடுகிறது. வந்ததும் நேராகக் கொழுவிடம்தான் போகிறாள்.

அடுத்த மாதம் தஞ்சாவூரில் கணவரின் அண்ணன் மகள் கல்யாணம், பத்து நாள் பயணம். வயதான முயலைப் புது இடத்தில் விட மருத்துவர் வேண்டாம் என்கிறார், பயந்துபோனாலே குடல் நின்றுவிடும். யார் போவது, யார் இருப்பது என்று நாங்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, “நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்” என்றார். நேற்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்து, “எவ்வளவு இருந்தா நல்லதுன்னு அர்த்தம்?” என்று கேட்டார். ராத்திரிக்கு ஒரு கை நிறைய, எல்லாம் கொண்டைக்கடலை அளவில் என்று காட்டினேன்.

“அப்ப நேத்தைவிட இன்னிக்குக் கொஞ்சம் கம்மி” என்றார். நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான்.