பொது கோல்ஃப் மைதானப் பயணங்களில் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஒரே மைதானத்தில் வாரந்தோறும் ஆடுபவருக்கு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது ஒளியைச் செலுத்தி இலக்கின் தொலைவை அளக்கும் கைக்கருவி, அவ்வளவாகத் தேவைப்படாது. எந்த மரத்தடியிலிருந்து கிரீனுக்கு (கொடி நட்ட குழி இருக்கும் புல்தரைக்கு) எத்தனை யார்டு என்பது நாளடைவில் அவருக்கு மனப்பாடமாகிவிடும். காரில் மட்டைப்பையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, முன்பின் பார்த்திராத பொது மைதானங்களில் ஆடும் அமெச்சூர் ஆட்டக்காரரின் நிலை வேறு. வழிகாட்ட, மட்டைப்பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளர் (கேடி) இருக்க மாட்டார், பழகிப்பார்க்க இன்னொரு சுற்றும் கிடைக்காது, மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஆறு மடங்கு உருப்பெருக்கமும் ஏற்ற இறக்கக் கணக்கும் கொண்ட நடுத்தர விலைக் கருவி ஒன்றைச் சில ஆண்டுகளாக இத்தகைய பயணங்களில், பெரும்பாலும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பயன்படுத்தி வருகிறேன். கொடிக்கான தொலைவைச் சொல்வது இக்கருவியின் சிறிய பயன்தான் என்றும், பந்து எதைத் தாண்டியாக வேண்டும், எதை எட்டிவிடக் கூடாது என்பதைச் சொல்வதே அதன் பெரிய பயன் என்றும் இத்தனை காலப் பழக்கத்தில் உறுதியாக நம்புகிறேன்.

அலபாமாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் ட்ரெயில். மாநில ஓய்வூதிய நிதியத்தின் தலைவராக இருந்த டேவிட் ப்ரானர், நிதியத்தின் பணத்தை முதலீடு செய்து மாநிலத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கும் நோக்கத்தில் தொடங்கிய திட்டம் இது. முதல் மைதானங்கள் 1992இல் திறக்கப்பட்டன. வடிவமைப்பை ஏற்ற மூத்த ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸுக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. தெற்கே மொபைல் நகரிலிருந்து 65ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே சென்றால் கிரீன்வில், ப்ராட்வில், பர்மிங்ஹாம் என வழிநெடுக இத்திட்டத்தின் மைதானங்கள் வரும். கட்டணம் செலுத்தும் எவரும் ஆடலாம். முதல் அடியை அடிக்கும் இடங்களான டீக்கள் ஊதா, செம்மஞ்சள், வெள்ளை, நீலப்பச்சை என்ற வரிசையில் பின்னிருந்து முன்னாக அமைந்திருக்கின்றன. பர்மிங்ஹாமை ஒட்டிய ராஸ் பிரிட்ஜ் மைதானம் கடைசி டீயிலிருந்து 8,000 யார்டுக்கும் அதிக நீளமுடையது என்பதால், எந்த டீயிலிருந்து ஆடுவது என்ற முடிவை மட்டைப்பையைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. அந்த முடிவு பிழைத்தால் எந்தக் கருவியும் கைகொடுக்காது.

ப்ராட்வில் நகரின் கேப்பிட்டல் ஹில்லில் உள்ள மூன்று மைதானங்களுள் ஒன்றான செனட்டர், ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களைப் போன்று மரங்கள் அதிகம் இல்லாமல், மேடுகளும் பங்கர்கள் எனப்படும் சிறிய ஆழமான மணற்பள்ளங்களுமாக அமைந்தது. அமெரிக்க வீராங்கனை லெக்ஸி தாம்சன் 2011இல், தம் 16ஆம் வயதில், முதல் எல்பிஜிஏ (மகளிர் தொழில்முறை கோல்ஃப்) பட்டத்தை வென்றதும் இங்கேதான். டீயில் நின்று பார்க்கும்போது டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட வெட்டிய புல்வெளியான ஃபேர்வே முழுதும் ஒரே பசுமையாகத் தெரியும். பங்கர்களின் வாய் கண்ணில் படாது. இத்தகைய இடத்தில் கொடியைக் குறிவைத்துப் பொத்தானை அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை. பங்கரின் பின்பக்க விளிம்பில் சற்றே உயர்ந்திருக்கும் புல்முகட்டைத் தேடிப்பிடித்து அதன் தொலைவை அளக்க வேண்டும். 215 யார்டு என்று காட்டினால், மிக அதிகத் தொலைவு அடிக்கும் மட்டையான டிரைவரால் அதைத் தாண்ட முடியுமா, அல்லது மூன்றாம் எண் மரமட்டையால் அதற்கு முன்னாலேயே நிறுத்துவதா என்பது உடனே முடிவாகிவிடும். தரையோடு சாய்ந்து கிடக்கும் புல்லில் பட்டுத் திரும்பும் ஒளி மிகவும் குறைவு என்பதால், ஒரே இலக்கை இருமுறை அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அந்த எண்ணை நம்புகிறேன்.

ஓபலைக்காவில் உள்ள கிராண்ட் நேஷனலில் 600 ஏக்கர் ஏரி ஒன்று ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு எனக் கூடவே வருகிறது. 2015 முதல் 2017 வரை ஆண்கள் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் போட்டி நடந்த லேக் மைதானம் இங்குதான் உள்ளது. நீருக்கு மேலாக அடிக்க வேண்டிய பார்-3 குழிகளில் (மூன்று அடிகளில் முடிப்பது இலக்கான குழிகளில்) மூன்று எண்களைப் பெற்றுக்கொள்வது என் வழக்கம். எடுத்துக்காட்டாக, கொடி 165 யார்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு எதிரே தெரியும் கரையின் விளிம்பை அளந்தால் 148 வருகிறது. கிரீனுக்குப் பின்னுள்ள பங்கரின் முகடு 180 காட்டுகிறது. இப்போது கேள்வி 165 யார்டு போகும் மட்டை எது என்பதன்று. சரியாகப் படாத அடியும் 148ஐத் தாண்ட வேண்டும், நன்றாகப் பட்ட அடி 180ஐ எட்டக் கூடாது, இவ்விரண்டுக்கும் பொருந்தும் மட்டை எது என்பதே. என்னைப் போன்ற அமெச்சூர் ஆட்டக்காரர்கள் பந்தைக் குறைந்த தொலைவில் விழவைப்பதே அதிகம் என்பதால், இம்முறையில் பெரும்பாலும் ஒரு படி அதிகத் தொலைவு அடிக்கும் மட்டையே கைக்கு வரும். என் மதிப்பெண்ணில் இக்கருவியால் ஏற்பட்ட முன்னேற்றம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நீரில் விழும் பந்துகள் குறைந்ததைத்தான் சொல்வேன்.

ஏற்ற இறக்கக் கணக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கருவியை வாங்குபவர்கள் அதிக விலை கொடுப்பது அதற்காகத்தான். கருவிக்குள் உள்ள சாய்வு உணரி, நாம் எத்தனை பாகை மேலேயோ கீழேயோ நோக்குகிறோம் என்பதை அளந்து, ஆடவேண்டிய தொலைவைத் தனியாகக் காட்டும். மிதமான மேடு பள்ளங்களில், ஐயன் (இரும்பு மட்டை) அடிகளுக்கு, அந்த எண் நம்பத்தக்கதாகவே இருந்து வந்திருக்கிறது. குறிப்பாக, இத்திட்டத்தின் உயரமான கிரீன்களை நோக்கிக் கீழிருந்து அடிக்கும்போது கண் ஏமாறும் இடங்களில் அது பலமுறை உதவியுள்ளது. ஆனால் கேப்பிட்டல் ஹில்லின் ஜட்ஜ் மைதானத்தில் முதல் டீயிலேயே நிலைமை மாறிவிடுகிறது. ஃபேர்வே நம் காலடியிலிருந்து சுமார் 200 அடி கீழே, அலபாமா ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது. பள்ளத்தால் கிடைக்கும் கூடுதல் தொலைவு, பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. குறைந்த தொலைவுக்கு உயர்த்தி அடிக்கும் மட்டையான வெட்ஜால் அடித்துச் செங்குத்தாக இறங்கும் அடியைவிடத் தாழ்வாக இறங்கும் டிரைவர் அடிக்கு அது அதிகம். கையில் எந்த மட்டை இருக்கிறது என்பதைக் கருவி அறியாது. மேலும், பந்து அவ்வளவு நேரம் காற்றில் நிற்கும்போது காற்றின் தாக்கமும் கூடிவிடுகிறது. அதையும் கருவி கணக்கில் கொள்வதில்லை. எனவே அந்த டீயில் ஏற்ற இறக்க எண்ணைப் பொருட்படுத்தாமல், ஃபேர்வேயின் எந்தப் பக்கம் அகலம் அதிகம் என்பதை ஆறு மடங்கு உருப்பெருக்கத்தில் நிதானமாகப் பார்த்துக்கொள்வதே மேல். லென்ஸை வெறும் தொலைநோக்கியாகப் பயன்படுத்துவதும் ஒரு பயன்தான் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

விதி என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 முதல் நடப்பில் உள்ள கோல்ஃப் விதிகளின் 4.3ஆம் விதிப்படி, போட்டிக் குழு தடைசெய்யாதவரை தொலைவை அளக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். உயர வேறுபாட்டை அளப்பது அனுமதிக்கப்படவில்லை. அந்த வசதி உள்ள கருவியைக் கையில் வைத்திருப்பது குற்றமன்று, பயன்படுத்துவதே குற்றம். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதன்முறை மீறினால் இரண்டு அடிகள் தண்டனை, மீண்டும் மீறினால் தகுதிநீக்கம். ஹேண்டிகேப்புக்காக (ஆட்டத்திறனைக் குறிக்கும் எண்ணுக்காக) மதிப்பெண்ணைப் பதிவுசெய்யும் சுற்றுகளிலும் விதிப்படி ஆடியிருக்க வேண்டும் என்பதால், அந்நாள்களில் முதல் டீயிலேயே ஏற்ற இறக்கக் கணக்கை அணைத்துவிடுகிறேன். வெளிப்புறத்தில் ஒரு சுவிட்ச் இருந்து, அதன் நிறத்தைக் கண்டே அணைந்திருக்கிறது என்று உடன் ஆடுபவர் தெரிந்துகொள்ள முடிந்தால் பேச்சுக்கே இடமிருக்காது. என் கருவியில் அது மெனுவுக்குள் புதைந்திருப்பது எனக்கு உண்மையிலேயே குறையாகப் படுகிறது.

உழைப்பைப் பொறுத்தவரை குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணை வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வெயிலில் கடினமாகி ஓரத்தில் வெடித்துள்ளது. மைதானத்தில் ஓட்டும் கோல்ஃப் வண்டியின் கம்பியில் ஒட்டவைப்பதற்கான காந்தம் ஆரம்பத்தில் இருந்த பிடிப்பை இன்றும் இழக்கவில்லை. ஆயினும் கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கும்போது கருவி நழுவி விழக்கூடும் என்பதால், ஓடும் வண்டியில் அதை உறைக்குள் வைப்பதே பாதுகாப்பு. சிஆர்2 வகை லித்தியம் பேட்டரி நீண்ட காலம் உழைக்கிறது, தீரும்போது அதிக முன்னறிவிப்பின்றித் தீர்கிறது. சிற்றூர்க் கடைகளில் எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாததால் மாற்று பேட்டரி ஒன்று பையின் சிறு அறையில் நிரந்தரமாக இருக்கிறது. அலபாமாவின் கோடைக்காலையில் ஏசி காரிலிருந்து கருவியை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுதும் பனித்துவிடும். துடைத்தால் மீண்டும் பனிக்கும். ஆடத் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பாகவே அதை வெளிக்காற்றுக்குப் பழக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அடர்ந்த மூடுபனியில் மட்டும் அதன் எண்ணை நம்ப முடிவதில்லை. ஒளித்துடிப்பு பனித்துளிகளிலேயே பட்டுத் திரும்பிக் குறைந்த தொலைவைக் காட்டிவிடுகிறது. அத்தகைய காலைகளில் ஃபேர்வேயில் பதித்திருக்கும் தொலைவுக் குறிகளைப் பார்த்து ஆடுவதே வழி.

கிரீனுக்குப் பின்னால் மரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில் கை சற்று நடுங்கினாலும் கொடிக்குப் பதிலாக மரத்தின் தொலைவு வந்துவிடும். அருகிலுள்ள இலக்கைப் பிடித்ததும் அதிரும் வசதி இதைப் பெருமளவு தடுக்கிறது. அது இல்லாத கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மழைக்குப் பின் வண்டிகள் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று அறிவிக்கப்படும் நாள்களில், பந்து ஃபேர்வேயின் மறுகோடியில் கிடந்தால், பந்துக்கு நேராகப் பாதையிலேயே நின்று கொடியை அளந்து, அதற்கேற்ப இரண்டு மூன்று மட்டைகளை எடுத்துக்கொண்டு நடந்தால் திரும்பி வர வேண்டியதில்லை. வார இறுதியில் பின்னால் அடுத்த குழு காத்திருக்கும்போது இந்தச் சிறு பழக்கம் எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது.

ஜிபிஎஸ் கைக்கடிகாரம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கொடியே கண்ணில் படாத மேட்டு அடிகளிலும் மரங்களுக்கிடையே சிக்கிக்கொண்டபோதும் கடிகாரம்தான் உதவும். லேசருக்கு நேர்க்கோட்டுப் பார்வை வேண்டும். கிரீனின் முன், நடு, பின் பகுதிகளுக்கான தொலைவோடு நிறைவடைபவருக்கு அதுவே போதும். பயணத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், அறியாத மைதானத்தில் கண்ணில் படும் எதையும், கொடியோ பங்கரோ கரையோர மரமோ, அளந்துகொள்ள முடிகிற லேசரையே நான் தேர்ந்தெடுப்பேன். புதிதாக வாங்குபவர்கள் வெளிப்புறச் சுவிட்ச், அதிர்வு வசதி, காந்தம் ஆகிய மூன்றையும் கடையில் கையில் எடுத்துச் சோதித்துப் பார்க்கட்டும். ஆயிரம் யார்டுக்கு அப்பாலும் அளக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்காகக் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை.