தஞ்சாவூர் சரஸ்வதி மஹாலா, சென்னை அண்ணா நூலகமா?

டிசம்பர் லீவுல தென்னாப்பிரிக்கா டர்பன்லேர்ந்து ஊருக்குப் போறவங்க, ஒரு லைப்ரரிக்குத்தான் டைம் இருக்கு எதுக்குப் போகலாம்னு கேக்குறாங்க, நான் ரெண்டும் பாத்தாச்சு.

போக்குவரத்து: அண்ணா நூலகம் கோட்டூர்புரத்துல, ஆட்டோ போதும். தஞ்சாவூர் சென்னைலேர்ந்து ரயில்ல ஆறு மணி நேரத்துக்கு மேல, ஆனா பெரிய கோயிலையும் சேத்துப் பாத்துடலாம்.

செலவு: அண்ணாவுக்குள்ள போக காசே இல்ல. சரஸ்வதி மஹால்ல டிக்கெட் சின்னக் காசுதான், நம்ம ரேண்டுல கணக்குப் போட்டா சிரிப்பு வரும்.

பாக்க: சரஸ்வதி மஹால் அரண்மனைக்குள்ள இருக்கு, நாயக்கர் காலத்துல ஆரம்பிச்சது, 1798லேர்ந்து 1832 வரைக்கும் ஆண்ட ரெண்டாம் சரபோஜி காசி யாத்திரை போனப்பகூட ஏடு சேத்துட்டு வந்தாராம், கண்ணாடிக்குப் பின்னாடி அந்த ஓலைச்சுவடி எழுத்தப் பாத்தப்போ, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்த நம்ம ஆளுங்க இதையெல்லாம் விட்டுட்டுல்ல வந்தாங்கன்னு தொண்டை அடைச்சிச்சு. தொட முடியாது, அதான் குறை. சீனாவுல குடுத்த தண்டனைப் படமும் மாட்டிருக்காங்க, எதுக்குன்னே புரியல!

அண்ணா 2010ல திறந்தது, பளபளன்னு ஒன்பது மாடி, சொந்தப் புக் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் உண்டு.

நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்துல தமிழ் கிளாஸ் போற பிள்ளைங்களோட போறீங்களா, அண்ணாதான், சிறுவர் பகுதில செயற்கை மரம் ஒண்ணு இருக்கு, நகரவே மாட்டாங்க. ஆயா தாத்தாவக் கூட்டிட்டுப் போறவங்க தஞ்சாவூருக்கே டிக்கெட் போடுங்க.