கோல்ஃப் டிரைவரில் தூரம் கூட்ட: வேகப் பயிற்சியா, அடி படும் விதமா?

கோல்ஃபில் பந்தை மிகத் தொலைவுக்கு அடிக்கும் கிளப்பான (மட்டையான) டிரைவரில் இன்னும் கொஞ்சம் தூரம் வேண்டும் என்று நினைக்கிறவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. புது டிரைவர் வாங்கலாம், ஸ்விங் வேகத்தைக் கூட்டப் பயிற்சி செய்யலாம், இல்லாவிட்டால் இருக்கிற வேகத்திலேயே பந்தை ஒழுங்காக அடிக்கப் பழகலாம். மூன்றையும் பார்த்துவிட்டு நான் நின்றது மூன்றாவதில்.

புது டிரைவரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பந்தில் படும் முகப்பு எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் வரம்பு வைத்திருக்கின்றன, கிளப் தலையின் அளவும் 460 சிசியைத் தாண்டக் கூடாது. அதனால் நடுவில் பட்ட அடியில் சில வருடம் பழைய கிளப்புக்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் வராது, ஓரத்தில் பட்டால்தான் புதியதில் இழப்பு கொஞ்சம் குறையும். ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) உங்களுக்குப் பொருந்தவே இல்லை என்றால் அது வேறு கதை.

வேகப் பயிற்சி நிஜமாகவே வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிளப்பை விட எடை குறைந்த குச்சி, கொஞ்சம் எடை கூடிய குச்சி என்று மாற்றி மாற்றி முழு பலத்தோடு வீசுவார்கள், உடம்பு வேகமாகச் சுற்றப் பழகிக்கொள்ளும். கிளப் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் கேரி, அதாவது பந்து தரையில் விழும்வரை பறக்கும் தூரம், சுமார் இரண்டரை யார்டு கூடும் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ உடம்பை ஏற்றி, வேகத்தைக் கூட்டி, 2020 யுஎஸ் ஓப்பனை விங்டு ஃபுட் மைதானத்தில் வென்றது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் வேகம் கூடினால் மட்டும் பந்து தூரம் போய்விடாது. பந்தின் வேகம் கிளப் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள், டிரைவரில் நல்ல அடி என்றால் 1.50-ஐ ஒட்டி வரும். 90 மைல் வேகத்தில் 1.50 கிடைத்தால் பந்தின் வேகம் 135. அதே ஸ்விங்கில் 1.40 தான் கிடைத்தால் 126. நடுவில் படாமலேயே அந்த 135-ஐ எட்ட வேண்டுமானால் கிளப் வேகத்தை 96-க்கு மேல் கொண்டுபோக வேண்டும், அது லேசான வேலை இல்லை. எல்பிஜிஏ என்ற தொழில்முறைப் பெண்கள் போட்டித் தொடரில் ஆடும் வீராங்கனைகளின் சராசரி டிரைவர் வேகம் 94-96 மைல் அளவில்தான் இருக்கிறது, கேரியோ 220 யார்டை ஒட்டி வருகிறது. அதே வேகத்தில் வீசும் ஆண்கள் பலர் அவ்வளவு தூரம் போவதில்லை. வீராங்கனைகளுக்கு அடி நடுவில் படுகிறது, கிளப் சராசரியாக 3 டிகிரி போல மேல்நோக்கி ஏறும்போது பந்தைத் தொடுகிறது. ஸ்விங்கில் கிளப் அடிமட்டத்தைக் கடந்து மேலே ஏறத் தொடங்கும் இடம் இருக்கிறதே, பந்து அங்கே இருக்க வேண்டும். மேலிருந்து கீழே வெட்டினால் ஸ்பின் (பந்தின் பின்சுழற்சி) ஏறிவிடும், பந்து வானத்தைப் பார்த்து எழும்பித் தொப்பென்று விழும்.

அடி எங்கே படுகிறது என்று சரிபார்க்க, பந்தின் வேகத்தையும் ஸ்பின்னையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கூட வேண்டாம். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் முகப்பில் லேசாகப் பூசிவிட்டு ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் ஒவ்வொரு அடியும் வட்டமாகத் தெரியும். வட்டங்கள் முகப்பின் கீழ்ப்பக்கம், ஹீலை (ஷாஃப்ட் சேரும் பக்கத்தை) ஒட்டிக் குவிந்திருந்தால் உங்கள் தூரம் அங்கேதான் போகிறது, ஏனென்றால் கீழே பட்டால் ஸ்பின் கூடும், ஹீலில் பட்டால் வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளையும். அப்புறம் மாற்ற வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். பந்தை முன்கால் குதிகாலுக்கு உள்பக்கம் வைப்பது, பாதிப் பந்து டிரைவரின் மேல்விளிம்புக்கு மேலே தெரிகிற அளவுக்கு டீயை (பந்தை வைக்கும் சின்ன முளையை) உயர்த்துவது, நிற்கும்போதே பின்தோளைக் கொஞ்சம் தாழ்த்துவது. டவுன்ஸ்விங்கில், அதாவது கிளப் பந்தை நோக்கி இறங்கும்போது, இடுப்பு முதலில் திரும்பி, பிறகு மார்பு, கை, கடைசியில் கிளப் என்று வரிசையாக வர வேண்டும். இது மட்டும் பழக நாளாகும், அவசரப்பட்டால் கை முந்திக்கொள்ளும்.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் பராமரிப்பு. வேகம் என்பது உடற்பயிற்சி மாதிரி, விட்டால் போய்விடும். வேலை நெருக்கடி, ஊர்ப் பயணம், முதுகுப் பிடிப்பு என்று எதனால் சில வாரம் நின்றாலும் திரும்ப முயன்றுதான் ஏற்ற வேண்டும். பந்து வைக்கும் இடமும் டீயின் உயரமும் இடைவெளி விட்டால் எங்கேயும் போகாது, அடுத்த முறை நின்ற உடனே சரியாக வைக்கலாம். கை, இடுப்பு வரிசை கொஞ்சம் துருப்பிடிக்கும்தான், ஆனால் ஸ்ப்ரேயை எடுத்து ஒரு கூடை நிறையப் பந்துகளை அடித்தால் எது தவறுகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். வேகப் பயிற்சிக்கு வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் ஒதுக்க முடியாதவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

வேகப் பயிற்சியைப் பல வருடம் விடாமல் செய்த அனுபவம் எனக்கில்லை, கொஞ்ச காலம் செய்து நிறுத்தியவன் சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்முக்கு ஏற்கனவே போகிறவர், வயது குறைந்தவர் என்றால் வேகம் அவ்வளவு சீக்கிரம் இறங்காமலும் இருக்கலாம். பூச்சில் உங்கள் வட்டங்கள் எல்லாம் ஏற்கனவே நடுவில்தான் விழுகின்றன, பந்தும் தாழாமல் ஏறாமல் போகிறது என்றால், சரி, குச்சிகளை வாங்குங்கள். அதற்கு மேல் தூரம் வேகத்தில்தான் இருக்கிறது.