மொறிஸ் மைனர் முன் கண்ணாடி: நாலைந்து மாரி கடந்த பிறகு

மொறிஸ் மைனர் 1000இன் முன் கண்ணாடியை வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றலாமா? மாற்றலாம். இரண்டு பேர் வேண்டும், அவசரமில்லாத ஒரு பகல் வேண்டும், கண்ணாடியைச் சுற்றியுள்ள தகரம் உறுதியாக இருக்க வேண்டும். தகரம் உக்கிப்போயிருந்தால் எந்த றப்பரும் எந்தப் பசையும் தண்ணீரை மறிக்காது. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டுகிற மழையில் நாலைந்து முறை தோய்ந்தெழும்பிய காரை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

என்னுடையது 948 சிசி எஞ்சின் உள்ள கார். 1948இல் முதல் மைனர் வந்தபோது முன்னால் இரண்டு தட்டைக் கண்ணாடிகள், நடுவில் ஒரு கம்பி. 1956இல் மைனர் 1000 வந்ததோடு அது மாறி, வளைந்த ஒற்றைக் கண்ணாடி ஆனது. பார்க்க வடிவுதான். ஆனால் பழைய மாதிரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: தட்டையான லமினேற் கண்ணாடியை (இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டியது) உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே அளவுக்கு வெட்டி எடுக்கலாம். வளைந்த கண்ணாடிக்கு அந்த வழி இல்லை. அந்தக் காருக்கென்றே வார்த்ததைத் தேடி வாங்க வேண்டும். எனக்கு அது இங்கிலாந்திலிருந்து வந்தது. கண்ணாடியின் விலையைவிடக் கப்பல் கூலியும் வரியும்தான் கையைக் கடித்தன.

இந்தக் காருக்குக் கண்ணாடி ஒழுகுவது சின்ன விசயம் இல்லை. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கண்ணாடியின் கீழ் மூலையால் இறங்குகிற தண்ணீர் டாஷ்போட்டுக்குப் பின்னால் வழிந்து, கால்விரிப்புக்கு அடியில் தேங்கி, தரைத் தகட்டையும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகளையும் தின்னத் தொடங்கும். கால்விரிப்பு ஈரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டு, பிறகு ஜக் வைக்கிற இடமே உள்ளே போன கார்களை இங்கே பல கராஜ்களில் பார்த்திருக்கிறேன். போரில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயிலே ஓடி, எங்கள் சனத்தைச் சுமந்த வண்டிகள் இவை. அந்தக் காலத்தையே தாண்டி வந்தவை மழைத் தண்ணீரால் அழிவது எனக்குப் பொறுக்காது.

என் காரில் முந்திய உரிமையாளர் காலத்தில் ஏதோ ஒரு கராஜில் வீட்டு யன்னலுக்குப் பூசுகிற சிலிக்கோனைச் சுற்றிவர அப்பியிருந்தார்கள். காயும்போது வினாகிரி மணம் வருமே, அந்த வகை. அந்த மணம் அசெற்றிக் அமிலத்தினுடையது. பெயின்ற் இல்லாத தகரத்தில் பட்டால் கறளைத் தானே வரவழைக்கும். அதோடு, சிலிக்கோன் இருந்த இடத்தில் பிறகு பெயின்றும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. பழைய றப்பரைக் கத்தியால் அறுத்து உரித்தபோது கீழ் மூலைகள் இரண்டிலும் தகட்டின் விளிம்பு பிஸ்கற்போல நொருங்கிக் கையோடு வந்தது. மேல் விளிம்பு புதிதுபோல இருந்தது.

தகர வேலைக்குத்தான் அதிக காலம் போனது. உக்கிய துண்டுகளை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டுவித்து, அரத்தால் மட்டமாக்கி, கறளை மாற்றும் பொஸ்போரிக் அமிலக் கரைசல் பூசிக் கழுவி, எபொக்சி பிறைமர் அடித்து, மேலே பெயின்ற். பெயின்ற் நன்றாக இறுகும்வரை கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. இறுகாத பெயின்றில் றப்பர் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை கழற்றும்போது பெயின்றையும் உரித்துக்கொண்டு வரும். ஒட்டு வேலை முடிந்த விளிம்பை வெறும் விரலால் முழுச் சுற்றும் தடவிப் பார்ப்பது முக்கியம். கடுகளவு ஒட்டுத் துளி ஒன்று மிஞ்சி நின்றாலும் லமினேற் கண்ணாடி அந்த இடத்தில்தான் வெடிக்கும். சில நேரம் பூட்டும்போது, சில நேரம் ஒரு பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது.

பூட்டிய நாள் நல்ல வெயில். புது றப்பரைக் காலையிலேயே வெயிலில் விரித்து வைத்தோம். சூடு ஏறினால்தான் மூலைகளில் பணியும். பக்கத்தில் அக்காவின் மகன். கட்டில் மெத்தையில் கண்ணாடியைப் படுக்கவைத்து, சுற்றிவர றப்பரை மாட்டினோம். றப்பரின் வெளித் தவாளிப்பில், அதாவது கார்த் தகடு நுழைய வேண்டிய பிளவில், மெல்லிய நைலோன் கயிற்றை முழுச் சுற்றும் ஓடவிட்டு, இரண்டு நுனியையும் கீழ்நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டு, உட்பக்கமாகத் தொங்கவிட்டோம். வழுக்குவதற்குக் கிளிசரின். பலர் பாத்திரம் கழுவுகிற திரவத்தைத்தான் சொல்வார்கள். அவற்றில் பலவற்றில் உப்பு இருக்கிறது, அது தவாளிப்புக்குள்ளேயே தங்கிவிடும். கிளிசரின் பாமசியில் கிடைக்கும், றப்பருக்கும் கேடில்லை. எண்ணெய், கிறீஸ், வசலின் எதையும் கிட்டக் கொண்டுவரக் கூடாது, றப்பர் ஊதிப்போகும்.

கண்ணாடியைக் காரில் வைத்தபின் நான் உள்ளே, மருமகன் வெளியே. அவன் உள்ளங்கையால் கீழ்ப்பக்கத்தை அமத்திப் பிடிக்க, நான் கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பக்கம் நோக்கி இழுத்தேன். கயிறு வர வர, றப்பரின் உள் உதடு தகட்டின் மேலாகப் புரண்டு உள்ளே விழும். நேர்ப்பகுதியில் இது சுகமாகப் போகும். மூலைதான் பிரச்சினை. வலப்பக்க மூலையில் கயிறு இறுகி நின்றது.

"மாமா, இன்னும் கொஞ்சம் இழுங்கோ, வந்திடும்."

"இழுத்தால் உதடு கிழியும். நீ வெளியால மேல இருந்து கீழ தட்டு. கையால மட்டும் தட்டு. விளிம்பில தட்டாத, நடுவுக்குக் கிட்டவா."

அவன் தட்டத் தட்டக் கண்ணாடி நூலளவு கீழே இறங்கியது, உதடு டப்பென்று புரண்டது. கயிறு இறுகினால் கண்ணாடி இன்னும் தன் இடத்தில் இருக்கவில்லை என்று அர்த்தம். இழுப்பை நிறுத்தி, கண்ணாடியை நகர்த்தி, கொஞ்சம் கிளிசரின் விட்டால் வழிவிடும்.

அதன்பிறகு வெளிப்பக்கத் தவாளிப்பில் பூட்டும் பட்டி. இதுதான் றப்பரை விரித்துக் கண்ணாடியையும் தகட்டையும் இறுக்கிப் பிடிப்பது. கைபிடியோடு வளையம் வைத்த ஒரு கருவி இதற்கென்று உண்டு. தடித்த கம்பியை வளைத்து நாங்களே ஒன்று செய்தோம், போதுமாயிருந்தது. பட்டியை அளவாக வெட்டாமல் ஒரு சென்ரிமீற்றர் கூட விட்டு, நுனிகளைக் கீழ்நடுவில் முட்டவைத்து நெரித்துத் திணித்தோம். காலப்போக்கில் அது சுருங்கும். அப்படிச் செய்தும் இப்போது மெல்லிய இடைவெளி ஒன்று தெரிகிறது. குறோம் நிறப் பிளாஸ்ரிக் பட்டியின் மினுக்கமும் வெயிலில் மங்கிவிட்டது. இந்த வேலையில் எனக்குத் திருப்தி தராத பொருள் அது ஒன்றுதான். அடுத்த முறை சாதாரணக் கறுப்புப் பட்டியே போடுவேன்.

பசைக்கு மாஸ்ரிக் என்கிற இறுகாத களிப்பசை, ஆர்போமாஸ்ற் என்ற பெயரில் வருவது. புதுக் கார்களுக்கு ஒட்டுகிற பொலியூறித்தேன் இங்கே வேண்டாம். அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கண்ணாடியை உடைக்காமல் எடுக்க முடியாது. மாஸ்ரிக் குழாயின் நுனியை மெல்லிதாக வெட்டி, றப்பரின் உதட்டை மரக் குச்சியால் தூக்கி, கண்ணாடிப் பக்கமும் தகரப் பக்கமும் உள்ளே செலுத்தினோம். வழிந்ததை மண்ணெண்ணெயில் தொட்டுப் பிழிந்த சீலையால் துடைத்தோம். சீலை சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது.

தண்ணீர்ச் சோதனையைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். ஹோஸ் பைப்பை மெல்லத் திறந்து முதலில் கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியாக மேல். ஒருவர் உள்ளே ரோச் லைற்றும் கடதாசியும் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி, எங்கே நுழைகிறது என்றே தெரியாது. எங்களுக்குக் கண்ணாடிச் சுற்று காய்ந்திருக்க, டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு சொட்டு விழுந்தது. வைப்பர் தண்டின் அடி றப்பர் வெடித்திருந்தது! கண்ணாடி ஒழுகுகிறது என்று வருகிற முறைப்பாடுகளில் கொஞ்சமாவது இந்தச் சிறிய றப்பரின் வேலைதான். கண்ணாடி றப்பர் வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள்.

இத்தனை மாரிக்குப் பிறகு உள்ளே ஒரு துளி இல்லை. சித்திரை வெயிலில் இடக் கீழ் மூலையில் கறுப்பாகக் கொஞ்சம் மாஸ்ரிக் கசியும், புழுதியும் அதில் ஒட்டும், துடைத்தால் சரி. றப்பர் இன்னும் பதமாக இருக்கிறது. கார் கிடுகுக் கொட்டிலுக்குள் நிற்பதும், கிளிசரின் தொட்டு இடைக்கிடை துடைப்பதும் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர் மலிவான உள்ளூர் றப்பர் போட்டார். கை வைத்தாலே தெரிகிற கடினம். மூலையில் அது முதல் நாளே கண்ணாடியோடு படியவில்லை, இரண்டு கோடைக்குள் வெடித்தும் விட்டது. கண்ணாடியில் மிச்சம் பிடிக்க வழி தேடுங்கள், றப்பரில் வேண்டாம்.

உங்கள் காரில் இதைத் தொடங்க முன் உட்பக்கக் கீழ் மூலைகளில் றப்பரின் உதட்டைத் தூக்கி, ஸ்குறூ டிறைவர் நுனியால் தகரத்தைக் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே போனால் முதலில் ஒட்டு வேலைக்கு ஆளைப் பிடியுங்கள், கண்ணாடிக்கான காசைப் பிறகு அனுப்பலாம். தகரம் உறுதியாக இருந்தால் வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.