தொட்டறியும் கோலம்: உப்பியெழும் தாளா, பிளாஸ்டிக் அச்சா?

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டு, இன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது; அவ்வட்டாரத்துத் தீபாவளிக் கோலங்களைப் பார்வையற்ற பிள்ளைகளின் விரல்களுக்கு எட்டச்செய்ய நினைப்போர்க்கு இரு வழிகள் உண்டு.

ஒன்று, வெப்பத்தில் உப்பியெழும் தாள். சூடுபட்டால் விரியும் நுண்ணுறைகள் பூசப்பட்ட அத்தாளில் கரிமம் கலந்த கறுப்பு மையால் வரைந்து சூட்டுக் கருவிக்குள் செலுத்தினால், கறுப்பு வெப்பத்தை ஈர்க்க, கோடுகள் மட்டும் எழும்பும். வேலை விரைவில் முடியும். ஆனால் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பதால், சிக்குக் கோலத்தில் இழைகள் குறுக்கிடும் இடத்தில் நேரே செல்வதா, வளைவதா என்று விரல் தடுமாறும். நெருங்கிய புள்ளிகளோ கோட்டோடு கலந்துவிடும்.

மற்றது, அட்டையில் நூலால் கோடும் கடுகால் புள்ளியும் ஒட்டி, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை வெற்றிடத்தால் உறிஞ்சிப் படியவைப்பது. புள்ளியைக் கோட்டைவிட உயர்த்தலாம்; ஓர் இழையைத் தடித்த நூலாலும் அதைக் கடக்கும் இழையை மெல்லிய நூலாலும் அமைத்தால், குறுக்கீட்டிலும் விரல் வழி தவறாது. மூல அச்சுக்குப் பொறுமை தேவைதான். பிறகு படிகள் எடுப்பது எளிது. நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்த்த விரல் பிளாஸ்டிக்கில் ஒட்டும் என்பது உண்மை (சிறிது பவுடர் தடவினால் போதும்).

எளிய பூக்கோலத்திற்கும் வெள்ளோட்டத்திற்கும் தாளே ஏற்றது; சிக்குக் கோலமென்றால் பிளாஸ்டிக் அச்சையே தேர்வேன்.